ஐந்து மதிப்பெண் வினா

ஷார்ஜா, மாலை ஷிஃப்ட்.
பழைய பொருள் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
வாடகை ஒப்பந்தத்தைவிட வயதான பொருள்
யார் வீட்டிலும் இல்லை.
ஒருவன் செல்லாத சிம் கார்டு கொண்டுவந்தான்.

ஷிஃபாயா ஒரு படத்தை நீட்டினாள்.
கதவுக்குப் பின்னால் பெயிண்டர் விட்டுவைத்த சுவர்.
பென்சில் கோடுகள், மலையாளத்தில் மாதங்கள்.
நூற்று இருபத்தெட்டில் முடிகிறது
யாரோ ஒரு பிள்ளையின் உயரம்.

"ஏன் மிஸ் நின்னுபோச்சு?"

ஆறு திசைமாறியிருக்கலாம்,
வணிகம் சரிந்திருக்கலாம் என்று
ஹரப்பாவுக்கு நேற்று எழுதிப்போட்டது
போர்டில் இன்னும் அழியவில்லை.

"அப்பாவுக்கு வேலை போயிருக்கும்"
கடைசி பெஞ்சிலிருந்து அனீஷ்.
"இல்ல, ஃபீஸ் கூட்டின வருஷம்."
எவரும் சிரிக்கவில்லை.

படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டே சொன்னாள்:
"அதுக்கு மேலதான் மிஸ்
எனக்குப் போடுறாங்க அம்மா.
பேனாவால."