கருவி நிலையாக இருந்தது

சூலூர் விமானத் தள ஏலத்தில்
எடைக்கு வாங்கிய வால்வுகள்.
பீளமேட்டில் மோட்டார் சுருள் சுற்றும் பட்டறைக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை. வருடம் ஐம்பத்திரண்டு.

ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் துண்டாக்கு, நஞ்சப்பா,
அதில் ஐம்பது துண்டுதான் மண்டைக்கு வெளியே வரும்
என்றார் கோவிந்தராஜுலு.
பெருக்க வேண்டும்.

பெருக்கினோம்.
மூன்றாம் வால்வைச் சேர்த்ததும்
உள்ளே எதையும் அனுப்பாதபோதே
தன் குரலைத் தானே கேட்டு
ஊளையிட்டது பெட்டி.

வெளியே போவதில் ஒரு பங்கைத்
தலைகீழாக்கி வாசலுக்கே திருப்பிவிடு என்றார்.
எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரிதான்:
எத்தனை கோபமாய்த் தொடங்கினாலும்
வாலைப் பிடித்து இழுக்க ஒரு ‘ங்க’.
திருப்பினேன், அடங்கியது.
இன்னும் கொஞ்சம் திருப்பினேன்,
ஊளை போய் விசில் வந்தது.

மாராத்தாளுக்கு மில்லில் ரீலிங் வேலை,
மாதம் இரண்டு தடவை வலிப்பு.
வந்து உட்கார்ந்தால் ஒருநாள் கூலி தருவதாய்ப் பேச்சு.
தலையில் வெள்ளிப் பொட்டுகளும் உப்புக் களிம்புமாய்
‘அது ஏனுங்க அப்படிக் கத்துது?’ என்றாள்.
திருத்தம் தாமதமாய்ப் போய்ச் சேருகிறது,
போய்ச் சேரும்போது அது திருத்தமாய் இருப்பதில்லை
என்று ஏதோ சொன்னார் அவர்.
‘நூல் அந்தா உடனே புடிக்கோணுமுங்க.
லேட்டாப் போனா
பக்கத்து நூலையும் இழுத்துட்டுப் போயிருமுங்க.’
காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.
அன்றிரவே இரண்டு கண்டென்சர்களை மாற்றினோம்.
விசில் நின்றது.

ஆனாலும் பைக்காராக் கரண்ட்.
யார் தலையில் ஒட்டினாலும்
காகிதத்தில் மில்தான் வரைந்தது,
நொடிக்கு ஐம்பது பல்.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள்
சங்கு ஊதவில்லை. ஊரே தோள் இறக்கியது போல இருந்தது.
மாராத்தாள் கொடிக் கம்பத்தடியிலிருந்து நேரே வந்தாள்.
கண்ணை மூடச் சொன்னார்:
நொடிக்குப் பத்து அலை, வாய்க்கால் நீர் மாதிரி.
திறக்கச் சொன்னார்: கலைந்தது.
மறுபடி மூடினாள், மறுபடி வந்தது.
என் கையைப் பிடித்துக்கொண்டார்,
அவர் விரல்தான் நடுங்கியது.

பிறகு முள் எகிறியது.
கூர் கூராய், காகிதத்தின் ஓரம் தாண்டி,
நொடிக்கு மூன்று.
‘பெட்டி மறுபடி தறிகெட்டுவிட்டது,
குறை, குறை!’
நான் குமிழைத் திருப்பினேன். அவர் வால்வைத் தட்டினார்.
நான் மண்ணிறக்கிய கம்பியை இழுத்துப் பார்த்தேன்.
பதினோரு நொடி. காகிதத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
அதற்கப்புறம்தான்
நாற்காலி தரையில் மோதும் சத்தம்
எங்கள் காதுக்கு வந்தது.

தலையை மடியில் தாங்கிக்கொண்டேன்.
உப்புக் களிம்பு வேட்டியெல்லாம்.
தாமதமாய்ப் போய்ச் சேர்ந்த கை.

நோட்டில் அவர் எழுதினார்,
அடித்தார், மறுபடி எழுதினார்:
‘சோதனை முழுவதும்
கருவி நிலையாக இருந்தது.’

அவள் கண் திறந்து
கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
‘சங்கு ஊதிட்டாங்களா?’
இல்லையென்றேன்.
‘அப்பச் சரிங்க’ என்று
தலையிலிருந்த பொட்டுகளை
ஒவ்வொன்றாய்த் தானே பிய்த்து
என் கையில் தந்தாள்.