ஒரு பக்கம்

நுவரெலியா மாவட்ட நீதிமன்றம்.
கறுப்புக் கோட்டுகளுக்குள்ளும் குளிர்.
என் வேலை நடுவில் நிற்பது.
சிங்களத்தை வாங்கித் தமிழாய்க் கொடுக்க வேண்டும்,
தமிழை வாங்கிச் சிங்களமாய்.
எனக்கென்று ஒரு சொல்லும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

வழக்காளி பவளராணி, மேற்பிரிவு லயம்.
பித்தப்பையில் கல்.
ஒப்பரேசன் நடந்து இரண்டரை வருடம்.

எதிராளியின் சட்டத்தரணி தாளை நீட்டினார்.
ஏழாம் பந்தி: மயக்க மருந்தின் ஆபத்துகள்
எனக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டன.
தாள் முழுக்கச் சிங்களம்.
அடியில் மட்டும் கோணல்மாணலாய்
தமிழில் அவள் பெயர்.

"கெமெத்தென்த அத்சன் களே?"

கெமெத்த.
விருப்பம் என்றும் சொல்லலாம், சம்மதம் என்றும்.
நான் சம்மதத்தை எடுத்தேன்.

"கேட்டாத்தானேங்க சம்மதம்.
மிஸ்ஸி வெரல வச்சு இங்கன போடுன்னாங்க, போட்டேன்.
கொழுந்து நிறுக்கிற எடத்துல
அரைப் பேரா முழுப் பேரான்னு
நாங்க என்னைக்குக் கேட்டோம்?"

அரைப் பேருக்குச் சிங்களம் தேடிக் கொஞ்சம் நின்றுவிட்டேன்.
நீதிபதி பேனாவை மூடித் திறந்தார்.

பிறகு அந்தக் கேள்வி:
விழித்திருந்ததாகச் சொல்கிறீர்கள்,
கனவாக இருக்கலாம் அல்லவா?

"கண்ணு தொறக்கல.
வெரல அசைக்கப் பாத்தா வெரலே இல்ல.
வயித்துக்குள்ள யாரோ எதையோ தேடுறாங்க.
கத்துறேன், எனக்கே கேக்கல.
ரெண்டு பேரு பேசுனாங்க.
அர்த்தம் தெரியாது, சத்தம் இருக்கு."

சொன்னாள்:

"தாம வஹலாத?
நே, எக பெத்தக் எரலா."

ஏற்ற இறக்கத்தோடு.
இரண்டாவது குரலில் இருந்த ஜலதோசத்தோடு.

சுருக்கெழுத்துக்காரரின் கை நின்றது.
இரண்டாம் எதிராளி, மயக்க மருந்து டொக்டர்,
அன்றுதான் தலை நிமிர்ந்தார்.
சொன்னவளைத் தவிர
மன்றில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

நீதிபதிக்கு நான் பெயர்த்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் செத்துட்டேன்னு சொன்னாங்களாங்க?"

சாட்சி என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.
நான் பதில் சொல்லவும் கூடாது.
அந்தக் கிழமை நானுஓயாவில் மண் சரிந்து
பஸ் எல்லாம் சுற்றிப் போனது ஞாபகம் வந்தது.

"பாதையப் பத்திப் பேசியிருக்காங்க.
இன்னும் மூடித்தான் இருக்கான்னு ஒருத்தர் கேக்க,
இல்ல, ஒரு பக்கம் தொறந்திருக்குன்னு மத்தவர்."

"ஒரு பக்கம்," என்றாள்.
சேலைக்கு மேலாகவே
வலது விலாவுக்குக் கீழே போயிற்று கை.

இது வழக்கேட்டில் இல்லை.
அடுத்த தவணை மார்ச் ஒன்பது.