வணக்கம் வேறு

இந்த ஊரின் பெயருக்கே அரசி என்றுதான் பொருள்
என்கிறாள் எமறன்சியா.
றெஜைனா. அது விக்டோரியா மகாராணி, என்கிறேன்.
இருக்கட்டும் என்று
ஜன்னல் கட்டையில் மாதாவை வைக்கிறாள்.
பாசையூரிலிருந்து அக்கா அனுப்பியது,
சுங்கம் கடந்ததில் ஒரு விரல் நுனி இல்லை.

நான் மிஷன் வீட்டுப் பிள்ளை.
எங்களுக்கு வெறுஞ்சுவர், ஒரு சிலுவை,
அதிலும் ஆளில்லை.
மரியாள் டிசம்பரில் வருவாள், நீலப் போர்வையோடு.
ஞாயிறு பள்ளி நாடகம் முடிந்ததும்
போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோம்.

கிருபை பெற்றவள் என்று என் வேதாகமம்.
அருள் நிறைந்தவள் என்று அவள் செபமாலை.
பெற்றவளா நிறைந்தவளா என்று
ஒரு முழுக் குளிர்காலம் பேசினோம்,
பருப்பு அடிப்பிடிக்கும்வரை.
"பெற்றவள் எண்டாலே தாய்தானே"
என்று தமிழை வைத்து மடக்கினாள்.

அவருக்குத் தம்பிமார் இருந்தார்களே, எழுதியிருக்கிறதே, என்றேன்.
"குடிவரவுப் படிவத்தில நேசராஜாவைச்
சகோதரர் எண்டு எழுதினீங்கள்.
ஒரே தாயோ எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பினவங்கள்.
பெரியப்பா மகன் உங்களுக்கு அண்ணன் இல்லையோ?"
பதில் இருந்தது, கிரேக்கச் சொல் ஒன்று.
அந்த நேரம் வாயில் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஹலினா, உக்ரேன் சபைக்காரி,
பீட்றூட் சூப்போடு வந்தவள் இருவரையும் கேட்டாள்.
அவள் தூங்கிப்போனாள், மகன் வந்து தூக்கிக்கொண்டான்,
அதற்குமேல் என்ன கணக்கு என்றாள்.
கிண்ணத்தை மறக்காமல் திருப்பித் தரச் சொன்னாள்.

"வணக்கம் வேற, ஆராதனை வேற.
ஹலினாவுக்கு நாளும் வணக்கம் சொல்லுறீங்கள்,
அவளை என்ன கும்பிடுறீங்களோ?"

நேற்றிரவு
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை.
மைனஸ் முப்பத்தாறு.
காற்று, விழுந்த பனியையே மறுபடி எழுப்பி
வீதியை அழித்துவிட்டது.
போன் எடுக்கவில்லை.
நேரே கேட்டேன், எனக்குக் கற்பித்தபடி,
இடையில் ஒருவரும் இல்லாமல்.
கேட்டு முடித்தும் விடியவில்லை.

அறையைப் பார்த்து நின்ற சிலையை
வீதிப் பக்கம் திருப்பி வைத்தேன்.
அவ்வளவுதான். கை கூப்பவில்லை.
பிள்ளையைத் தவறவிட்டு மூன்று நாள் தேடியவள்,
பார்த்துக்கொண்டு நிற்கத் தெரிந்திருக்கும்.

ஏழரைக்கு வந்தாள், சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டு.
கோட்டைக் கழற்றாமலே ஜன்னலைப் பார்த்தாள்.
"தூசி துடைச்சனீங்களோ?"
"ஓம்," என்றேன்.
தூசி அப்படியே இருந்தது.