எண்பதில் நிறுத்தவும்

ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால்
பேட்டரி கெட்டுவிடும் என்கிறான் லின்.
பர்மியத்தில் லின் என்றால் வெளிச்சம்.
வீட்டில் வைத்த பெயர் இருளாண்டி.
யங்கோனில், எங்கள் மாடிக்குக் கீழே
ஒரு நாற்காலி அகலத்துக்குக் கடை.

"எண்பதில் பிடுங்கிடணும் அக்கா.
நூறுலயே நின்னா உள்ளுக்குள்ள இறுக்கம்.
சூடு வேற. ஆயுசு குறைஞ்சிடும்."
சொல்லிக்கொண்டே போனின் முதுகைத் திறந்து
பழையதை நெம்பி எடுத்தான்.
எண்ணெயிலிருந்து எடுத்த பூரி போல
உப்பியிருந்தது.
ஊசி படாமல் தூக்கி
மணல் வாளிக்குள் வைத்தான்.

புதியதற்கு அவன் கேட்ட காசில்
மூன்று வாரத்துக் கடலைப்பருப்பு வரும்.
அதை மட்டும் சொன்னேன்.

எண்பதில் யார் பிடுங்குவது?
கரண்ட் வருவது ராத்திரி ஒன்றுக்கு.
சில நாள் இரண்டரைக்கு.
சில நாள், நாளைக்கு.
வந்ததும் தெருவே கத்தும்: "மீ லா பீ!"
தூங்குகிற பிள்ளையும் தூக்கத்திலேயே கத்தும்.
மாடிக்கு மாடி மோட்டார் உறுமும்,
யாரோ அந்த நேரத்தில் சட்டைக்கு இஸ்திரி போடுவார்கள்.
எங்கள் வீட்டில் ஒரே பிளக்.
முதல் அரைமணி தண்ணீருக்கு.
பிறகு போன்.
பிறகு விழுந்து தூங்கிவிடுவேன்.
தூக்கத்தில் எண்பதுவரை எண்ணத்
தெரிந்தவள் யார்?

பல நாள் அந்தக் கவலையே இல்லை.
முப்பத்தேழில்
மின்சார இலாகாவே பிடுங்கிவிடும்.

கிள்ளானில் அவருக்கு ஐந்து மணி லாரி.
அங்கே ஐந்து என்றால் இங்கே மூன்றரை.
லாரி ஏறுமுன் கூப்பிடுவார்.
இரண்டு கடிகாரத்துக்கும் நடுவே
அந்த ஒன்றரை மணியில்தான்
எங்கள் குடித்தனம்.
"சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்பார் எடுத்ததும்.
சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா
எல்லாம் அதற்குள் அடக்கம்.
"இருக்கு" என்பேன்.
நானும் அவ்வளவுதான்.

போன செவ்வாய்
அதிசயமாகப் பதினோரு மணிக்கே கரண்ட்.
விடியும்வரை போகவில்லை.
மூன்றரை ஆனது. நாலு ஆனது.
போன் அடிக்கவில்லை.
இருட்டில் பச்சை எழுத்தில் நூறு.
தொட்டுப் பார்த்தேன், சுட்டது.
தலையணையிலிருந்து நகர்த்தித் தரையில் வைத்தேன்.
பிடுங்கக் கை போய்
திரும்பி வந்தது.
நூறு.
இன்னும் நூறு.
ஒரு சொட்டுகூட ஏற இடமில்லாமல்
இறங்கவும் வழியில்லாமல்
அதுவும் நானும்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார்.
ஈப்போ பக்கம் லாரி படுத்துவிட்டதாம்,
மலையடியில் டவர் இல்லையாம்.
அப்போது என்னிடம் பன்னிரண்டு சதவீதம்.
திட்டுவதற்கு ஏழு,
மிச்சத்தில் அவர் சிரித்தார்.
அணைந்துவிட்டது.

சாயங்காலம் பால்கனிக் கயிற்றின் கிளிப்பில்
பேட்டரிக்கு மிச்சம் வைத்திருந்த பணத்தை மாட்டி
கீழே இறக்கினேன்.
மணி ஆடியதும் லின் நிமிர்ந்தான்.
"நீ சொன்னது சரிதான்டா" என்று
மேலிருந்து கத்தினேன்.
"எது அக்கா, பேட்டரியா?"
கயிற்றை இழுத்துக்கொண்டே
"ம்" என்றேன்.