பல்லில் ஒன்றுமில்லை

ஹோபார்ட்டில் சனிக்கிழமைச் சந்தை கலைகிற நேரம்.
மலைமேல் பனி, கீழே தூறல்.
தூண்டில் முட்களுக்கும் கைப்பிடி போன வாணலிக்கும் நடுவே
ஒரு கறுப்புப் பெட்டி.
"அறுபது டாலர். ஓடாது" என்றான் விற்றவன்,
ஓடாததுதான் அதன் விசேஷம் என்பதுபோல.

ஒற்றைக் கையால் தூக்கினேன். ஐந்து கிலோ.
பிறந்த அன்று என் மகன் ஃபெர்கஸ்
இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

மூடியைத் திறந்ததும் எலி, பூசணம், யாரோ பிடித்த சுருட்டு.
ஒரு கிண்ணம் காப்பித்தூளை உள்ளே வைத்துப் பூட்டினேன்.
ஒன்பதாம் நாள்
காப்பி குடித்த எலி மணத்தது.

நான் பல் மருத்துவர்.
பகலெல்லாம் வாயைத் திறங்கள் என்று சொல்பவள்
இரவில் இதனிடமும் அதையே சொன்னேன்.
இரண்டு திருகு கழற்றினால் ஊசித்தட்டு வந்துவிடும்,
அடியில் துணியைக் கடித்துத் தள்ளும் பல்வரிசை.
பல்லிடுக்கில் எழுபது வருடப் பஞ்சு
கம்பளமாய் இறுகிக் கிடந்தது.
க்ளினிக்கில் ஒதுக்கிய வளைந்த கொக்கியால்
சுரண்டச் சுரண்ட
ரோஜா நிறக் கம்பளி நூல், முறிந்த குண்டூசி,
ஏதோ சீருடையின் கருநீலம்.
இது எச்சில் துப்பவில்லை.
இன்னும் எவ்வளவு நேரம் என்று கண்ணால் கேட்கவில்லை.
இப்படியொரு நோயாளி எனக்கு வாய்த்ததில்லை.

சக்கரம் மட்டும் அசைய மறுத்தது.
மண்ணெண்ணெய் சொட்டு, முடி உலர்த்தும் சூடு,
மறுபடி சொட்டு.
நான்காம் இரவு ஒரு மயிரிழை நகர்ந்தது.
சமையலறையில் தனியாகக் கத்தினேன்.

மோட்டாருக்குக் கிரீஸ்தான் ஆகும், எண்ணெய் ஆகாது.
யாரோ எண்ணெயை ஊற்றித் தள்ளியிருந்தார்கள்.
பிள்ளைக்கு மிட்டாயாகக் கொடுத்துவிட்டு
என் நாற்காலியருகே கண்ணைக் கசக்குகிறவர்கள்
ஞாபகம் வந்தார்கள். திட்ட முடியவில்லை.

மாடிவீட்டு ஜெரெய்ன்ட் புது ஒயர் மாட்டினான்.
கூலி: இரண்டு கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு.

ஓடியது.
தைக்கவில்லை.
ஒன்றிரண்டு தையல் விழும்,
அப்புறம் வெறும் துளைகள், துளைகள்.
மூன்று வாரம் பல்லையே பார்த்தேன்.
ஏற்றினேன், இறக்கினேன்,
பாபின் கேஸைக் கழற்றி மாட்டி விரல் தேய்ந்தேன்.
மாடியிலிருந்து கால்சட்டை விசாரிப்புகள் வரத் தொடங்கின.

ஒரு வியாழக்கிழமை
நண்டுப் படகில் வேலை பார்க்கும் ஆர்லோ வந்தான்.
"இந்தக் கடைவாய்ப் பல், பிடுங்கிப் போடுங்கள்."
தட்டினேன், படம் எடுத்தேன்.
பல்லில் ஒன்றுமில்லை.
"வலி காதில் இருக்கிறது, பல்லில் வந்து அழுகிறது.
காது டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டுக்
கை கழுவுகையில்
அப்படியே நின்றுவிட்டேன்.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஊசியின் காதைப் பார்த்தேன்.
என் அம்மாவின் மெஷினுக்கு நூல் இடமிருந்து வலம்.
இதற்கு வலமிருந்து இடம்.
மூன்று வாரமாகத் தப்பான பக்கத்திலிருந்து
பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.
கோர்த்ததை உருவி மறுபக்கமாகக் கோர்த்தேன்.

டக்டக்டக்கென்று ஒரு குதிரைக்குட்டி
மேசையின் ஓரம்வரை போய் நின்றது.
தையல், தையல், தையல்.
துளை ஒன்றுகூடக் காலியில்லை.

புரூனி தீவுக்குக் கூடாரம் போட இப்போது இதுவும் வருகிறது.
முகாமின் ஒரே பிளக்கில்
மற்றவர்கள் கெட்டில் செருக, நான் இதைச் செருகுவேன்.
கிழிந்த கூடாரம், காற்றாடி,
ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு நாயின் மழைக்கோட்டு.
ஊசி என்றதும் முகம் வெளுக்கிறவர்களோடு கழியும் என் வாரத்தில்
இந்த ஊசியைப் பார்க்கத்தான்
குழந்தைகள் முண்டியடித்துச் சுற்றி நிற்கிறார்கள்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு
ஒரு சின்னத் திருகு மிஞ்சியது.
எங்கிருந்து கழன்றதென்று இன்றுவரை தெரியாது.
அது இல்லாமலே நன்றாக ஓடுகிறது.
பஞ்சில் சுற்றிப் பெட்டியின் மூலையில் வைத்திருக்கிறேன்,
ஃபெர்கஸுக்கு விழுந்த முதல் பாற்பல்லை
வைத்தது போல.