குருமண்வெளித் துறை, காத்திருப்பு நேரம்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதியல்ல.
வாவியில் மிதக்கும் இரும்புத் தளம்.
அடியில் மிதவைகள், ஓரத்தில் ஓர் இயந்திரம்,
மேலே மோட்டார்சைக்கிள்கள், ஓர் ஆடு,
வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள்.
எழுவான்கரையில் ஏறி
படுவான்கரையில் இறங்குவோம்.

இதை ரீகா நகரத்து இல்ஸேக்கு விளங்கப்படுத்த
எனக்கு மூன்று மின்னஞ்சல் தேவைப்பட்டது.
வீதிக்கும் படகுக்கும் ஒரே சொல்லா, என்றாள்.
ஓம், என்று எழுதினேன்.
அவள் என் வேலையை மேற்பார்க்கிறவள்.
என்னைவிட ஒரு வயது இளையவள்.

கோடைத் திட்டம் என்று அதற்குப் பெயர்.
இங்கே அது கச்சான் காலம்.
மேசையில் விசைப்பலகை மேல் மணல்,
மாலை ஆறுக்குப் போகும் கரண்ட்,
ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட போன்
அங்கே மட்டும்தான் இரண்டு கோடு காட்டும்.

யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்ற
வழிகாட்டும் மென்பொருள் அது.
மண்டூருக்குப் போகக் கேட்டால்
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போ என்னும்.
நீலத்தைக் கண்டால் அதற்குப் பயம்.
துறையில் நின்று காத்திருக்க
அதைப் பழக்குவதுதான் என் வேலை.

எவ்வளவு நேரம் காத்திருக்க?
மூன்று மாதமும் இந்த ஒரு கேள்விதான்.

பதினொரு நாள் கரையில் நின்று
தம்பியின் கணக்குக் கொப்பியில் எழுதினேன்.
ஆறு பத்து. ஆறு முப்பத்திரண்டு.
ஏழு ஐந்து, நல்லரெத்தினம் அண்ணன் தேத்தண்ணி குடித்ததால்.
"என்னகா எழுதுறாய்,
வரி கிரி போடப் போறாங்களோ?"

அப்பா வேறொன்று கேட்டார்:
"எல்லாருக்கும் சும்மா குடுக்கிற சாமானுக்கு
உனக்கு ஏன் காசு தாறாங்கள்?"
எனக்கும் வடிவாக விளங்கவில்லை.

அறுநூற்று நாற்பது வரி எழுதினேன்.
எழுபத்தொன்று மிஞ்சியது.
முகம் தெரியாத ஒருவர் வரிவரியாக வந்து
நல்லது, ஆனால் தேவையில்லை, என்று
குறித்துக்கொண்டே போனார்.
முதல் நாள் சோறு இறங்கவில்லை.
ஐந்தாம் கிழமை நானே
என் வரிகளுக்கு அப்படி எழுதத் தொடங்கினேன்.
பிறகு அலுமாரியைத் திறந்து
உடுப்புகளுக்கும்.

ஆவணி. மண்டூர்க் கோயில் திருவிழா.
பாதையில் கால் வைக்க இடமில்லை.
கற்பூரமும் டீசலும் ஒரே மூச்சில்.
போன் நடுங்கியது:
ஊதா நிறத்தில் ஒரே சொல்,
இணைக்கப்பட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
அருச்சனைத் தட்டோடு பக்கத்தில் நின்ற மனுசி
என் முகத்தைப் பார்த்து,
"வேலை கிடைச்சிற்றா மனே?"
"இல்ல. முடிஞ்சிற்று."
அவ எனக்காகக் கவலைப்பட்டு
ஒரு கதலி வாழைப்பழம் தந்தா.

அப்போதுதான் கயிறு அவிழ்ந்தது.
ஓராள் நீளம் தண்ணீர் விரிந்தது.
கரையில் ஒருத்தன், கையில் செருப்பு,
பால்குடம் பால்குடம் என்று கத்தியபடி ஓடி வந்தான்.
நல்லரெத்தினம் அண்ணன்
ஒரு வார்த்தை பேசவில்லை.
இயந்திரத்தைத் திருப்பினார்.
இத்தனை சனமும் பின்னோக்கிப் போனது,
ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

என் எழுபத்தொரு வரியில்
புறப்பட்ட படகு புறப்பட்டதுதான்.
தவறவிட்டவனுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

அன்றிரவு, கரண்ட் வந்த பிறகு,
இணைக்கப்பட்ட என் வேலைக்கு எதிராக
நானே முதல் பிழையைப் பதிந்தேன்:
படகு சில வேளை திரும்பி வரும்.

இரண்டு நாளில் எங்கிருந்தோ ஒரு பதில்.
பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியுமா?

முடியும், என்று எழுதினேன்.
குருமண்வெளிக்கு வாருங்கள்.
கொஞ்சம் பிந்தி வாருங்கள்.
ஓடி வரவேண்டும்.