மூன்று பத்துக்கு ஒரு டிக்

கன்னியப்பன் வேலை பார்க்கும் கம்பெனியில்
கரண்டுக்கு இரண்டு விலை.
விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று,
ஊர் படுத்த பிறகு ஒன்று.
அம்பத்தூர் எஸ்டேட்டில் நிக்கல் பூசும் பட்டறை.
மாலை ஆறரைக்குத் தொட்டி ஹீட்டரை அணைத்து,
மூடி போட்டு, சாக்கு போர்த்தி,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல
அரைமணிக்கு ஒருதரம்
தெர்மாமீட்டரை உள்ளே விட்டு எடுப்பார்.
பத்து மணிக்கு மேல்தான் மறுபடி சூடு.
இதில் மாதம் எவ்வளவு மிச்சம் என்று
முதலாளியைவிட இவருக்கு நன்றாகத் தெரியும்.

கார்த்திகை பிறந்ததும்
ரிச்சி தெருவில் பேரம் பேசி
ஒரு பழைய டைமர் வாங்கிவந்தார்.
வட்டமாக நீலப் பற்கள். இரண்டு உடைந்திருந்தன.
கீசருக்குப் பக்கத்தில், பல்லி ஓடும் இடத்தில் மாட்டினார்.
மூன்று பத்துக்கு ஒரு டிக்.
மூன்று நாற்பதுக்கு இன்னொரு டிக்.
நாலு மணிக்கு நான் குளிக்க வேண்டும்,
நாலே முக்காலுக்குக் கொரட்டூரில் ரயில்,
ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில்
கையில் துடைப்பான் இருக்க வேண்டும்.

“ராத்திரி கரண்டு மலிவு” என்றார்.
“நம்ம வீட்டுக்கா?”
“எங்கேயும் அப்படித்தானே” என்று
திருகாணியை இன்னொரு சுற்று சுற்றினார்.

பொங்கல் கழிந்து
ரீடிங் எடுக்கிற பெண் வந்தாள்.
எட்டிப் பார்த்தாள். தட்டினாள்.
ஐந்நூற்று ஏழு.
அந்த ஏழும் தனியாக வரவில்லை,
கீழே சும்மா கிடந்த நூறுகளின் கையையும்
பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.
“நாங்க எல்லாமே ராத்திரியிலதாம்மா ஓட்டுறோம்.”
“இந்த மீட்டருக்கு மணி பார்க்கத் தெரியாது சார்.”
“புது மீட்டர் வந்தா?”
“வந்தப்புறம் கேளுங்க.”
அவள் பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்து
சுவரோரமாகவே நடந்து போனாள்.

டைமரைக் கழற்றுவார் என்று பார்த்தேன்.
கழற்றவில்லை.
எட்டு மணிக்குத் தெருவில்
எல்லா வீட்டு மிக்ஸியும் தேம்புமாம்,
மூன்று மணிக்கு வோல்டேஜ் நிமிர்ந்து நிற்குமாம்.
சரி என்றேன்.
தோற்ற கட்சிக்கும் ஒரு கொடி வேண்டும்.

ஆனால் ஒன்று.
பன்னிரண்டு மணிக்குப் படுத்த மனுஷன்
இரண்டாவது டிக்குக்கு எழுந்துவிடுவார்.
கண்ணைத் திறக்காமலே நடந்துபோய்
முதல் சொம்புத் தண்ணீரில் விரல் நனைத்து
“அம்பத்திரெண்டு” என்று சொல்லிவிட்டு
திரும்பி வந்து விழுந்துவிடுவார்.
நான் எந்த நாளும் சரிபார்த்ததில்லை.
ஒருநாள் “நாப்பத்தாறு, ஏதோ ஃபியூஸு” என்றார்.
அன்று எனக்குக் குளிர்ந்தது,
வழக்கமான அதே சூடாகக்கூட இருந்திருக்கலாம்.

பங்குனியில் ஊர் மாறிவிட்டது.
கீசர் எதற்கு?
மொட்டைமாடித் தொட்டி வெயில் குடித்துக் குடித்து
மதியம் குழாயைத் திறந்தால்
கை பின்னால் துள்ளுகிறது.
டைமர் இப்போது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்,
ரப்பர் வாஷர்களோடு.

மூன்று பத்துக்கு டிக் இல்லை.
ஆனாலும் எழுகிறார்.
அந்தத் தொட்டி ஆறிக் கிடக்கும் ஒரே நேரம் அதுதானாம்.
நாலு வாளி, ஒரு அண்டா.
நிரப்பி, தாம்பாளம் மூடி,
ஈரச் சாக்கு போர்த்தி, சாக்கின் ஓரத்தை
உள்ளே மடித்துச் செருகுகிறார்.

ஷிப்ட் முடிந்து நான் வரும்போது மணி மூன்றாகும்.
அவர் ஒரு மணிக்கே பட்டறைக்குப் போயிருப்பார்.
குழாய்க்குள் நடுப்பகல் கொதிக்கும்.
சாக்கை விலக்கினால்
வாளிக்குள் இன்னும் விடியவில்லை.
தாம்பாளத்தின் மேல்
சாக்பீஸில் கோணலாக
இருபத்தொன்பது என்று எழுதியிருக்கும்.